செம்பில் தேய்த்த இடம்

பித்தளைச் சாமானை ஏலத் தளத்தில் விற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை: சட்டை போட்டுக்கொண்டு படம் எடுங்கள். நான் முதன்முதலில் விற்கப் போட்டது ஒரு தாம்பாளம். புளி போட்டுத் துலக்கி, மொட்டைமாடி வெயிலில் நிறுத்தி, ஐந்து படம் எடுத்து ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் கேட்டிருந்தார்: “தாம்பாளத்தோடு அந்த ஆளும் சேர்த்தா?” பெரிதாக்கிப் பார்த்தேன். தாம்பாளத்தின் நடுவே, லுங்கியும் வெறும் வயிறுமாக, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். பித்தளையின் வளைவுதான் என் தொப்பையை இரண்டு மடங்காகக் காட்டுகிறது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக்கு ஆரம்ப விலை இன்னான்னு போட்டிருக்கீங்க? பாத்து, கம்மியா போடுங்க, அப்பதான் போவும்” என்றாள்.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் பேனர் கடை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கணினியில்தான் பிறக்கும். இறந்தவர்களின் மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பை எடுப்பேன். “இவர வெட்டிடுங்க சார், இப்ப பேச்சுவார்த்தை இல்ல” என்று காட்டப்படும் பங்காளியைக் குடும்பப் படத்திலிருந்து எடுப்பேன். அடுத்தவர் தோளில் அவர் போட்டிருந்த கை மட்டும் எடுபடாமல் அந்தரத்தில் தொங்கினால், அதன்மேல் ஒரு மாலையைப் போட்டு மூடிவிடுவேன். இருக்கிற ஆளை இல்லாமல் ஆக்குவதில் இருபது வருட அனுபவம் எனக்கு.

போன வருடம் அம்மா இறந்தாள். பரணில் அவள் வைத்திருந்த தகரப் பெட்டியில் கும்பா, கூஜா, குத்துவிளக்கு என்று ஒரு கடையே இருந்தது. மனைவிக்குப் பரண் வேண்டும். எனக்கு ஏலத்தில் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. முகம் தெரியாத இரண்டு பேர் நம் வீட்டுக் கூஜாவுக்காக அடித்துக்கொள்வதைச் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதில் உள்ள சுகத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

சில வாரங்களில் தொழில் பிடிபட்டது. காலை வெயில் ஏறும் முன் ஜன்னலோரமாக வைத்துப் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும். இல்லையென்றால் சொப்புச் சாமானை அண்டா என்று நினைத்து வாங்கிவிட்டுத் திட்டுவார்கள். எடையைச் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தே எழுத வேண்டும். ‘நூறு வருடப் பழமை’ என்று அளக்கக் கூடாது. நூறு வருடத்துக்கு ரசீது கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏலம் ஞாயிறு மாலை முடியும்படி வைக்க வேண்டும், அப்போதுதான் ஜனம் வீட்டில் கிடக்கும். கேள்வி வந்தால் அன்றே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏலம் முடிந்த நொடியில் கேள்விப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பொருளில் குறை இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் கடைசியாகக் கற்றேன்.

பெட்டியின் அடியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. நல்ல கனம். கழுத்துக்குக் கீழே, விரல் அகலத்துக்கு ஒரு தேய்த்த இடம். மற்ற இடமெல்லாம் கண்ணாடியாய் வழுக்க, அங்கே மட்டும் சொரசொரப்பாக மங்கிக் கிடக்கும். முன்பு அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர் வைக்கும்போது பாத்திரக் கடையிலேயே அவள் பெயரை வெட்டி வாங்கிவருவார். அப்படி வந்த பெயர். அதை யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். செம்பைத் துலக்கியபோது அதை நினைக்கவே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் ஜன்னல் கட்டையில் வைத்துப் படம் எடுத்தேன். கணினியில் ஏற்றி, பக்கத்திலிருந்த வழுவழுப்பை எடுத்து அந்த இடத்தில் பூசினேன். செம்பின் வயிற்றில் தெரிந்த என்னையும் எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ‘எந்தக் குறையும் இல்லை’ என்று எழுதினேன். கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவைத்தேன். மலைமேலிருக்கும் ஊர்களிலிருந்து கீழே வரை என் வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கேள்வி வந்தது. கேட்பவர் யார் என்று அந்தத் தளத்தில் தெரியாது. நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு எண்தான் தெரியும்.

“கழுத்துக்குக் கீழ ஒரு தேய்ச்ச எடம் இருக்குமே. படத்துல காணோம்.”

கடையில் உச்சி வெயில். பேனர் அடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மணலூர்ப்பேட்டைக்காரர் ஒருவர் கண்ணீர் அஞ்சலியாக அங்குலம் அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தார். முதலில் நெற்றி, அப்புறம் கண்கள். அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றேன்.

புதிய விற்பனையாளர்களே, பதறும்போது பதில் எழுதாதீர்கள். நான் எழுதினேன். பதறினால் எனக்குச் செந்தமிழ் வந்துவிடும். “வணக்கம். தாங்கள் வேறொரு செம்பை நினைத்துக் குழம்புகிறீர்கள். இதில் அப்படி எதுவும் இல்லை. மிக்க நன்றி.”

அதோடு அந்த எண் அடங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நானோ மத்தியானம் ஒன்றரை ஆனதும் கைப்பேசியை மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். பேய்கள் எல்லாம் ராத்திரியில் வரும் என்று சொல்லிவைத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் நாள், அதே ஒன்றரை.

“நடு வெரல வெச்சிப் பாரு. சரியா உக்காரும்.”

கீழே அதே எண்ணிலிருந்து ஒரு ஏலத் தொகையும் விழுந்திருந்தது.

என்னை உலுக்கியது விரல் கூட இல்லை, அந்தப் ‘பாரு’. கடையில் நான் ‘சார்’. மனைவிக்கு ‘ங்க’. என்னிடம் ‘பாரு’ என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஓடினேன். செம்பை எடுத்து நடுவிரலை வைத்தேன். தொட்டில் குழந்தை மாதிரி விரல் அதில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை, மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காக மட்டும் பட்டியலிடுகிறேன். செம்பைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்ந்திருப்பது இன்னும் பயமாக இருந்ததால் நிமிர்த்தி அரிசித் தொட்டிக்குள் புதைத்தேன். அன்று சோறு வேண்டாம் என்றேன். தளத்தின் உதவிப் பக்கத்துக்குப் போனேன். ‘வாங்குபவர் பற்றிப் புகார்’ என்பதன் கீழே ‘பணம் தரவில்லை’, ‘தரக்குறைவாகப் பேசினார்’, ‘வேறு’ என்று மூன்று இருந்தன. ‘வேறு’ என்பதைத் தொட்டேன். ‘விளக்குக’ என்றது. மூடிவிட்டேன்.

அரிசி எடுக்கப் போன மனைவி செம்போடு திரும்பி வந்தாள். “இன்னாங்க இது? அரிசிக்குள்ள வெதச்சி வெச்சிருக்கீங்க. மொளைக்குமா?”

கைப்பேசியைக் காட்டினேன். படித்தாள்.

“அம்மாதான் கேக்குது” என்றேன்.

“அத்தையா?”

“இல்லாட்டி அப்பா.”

“செத்தவங்களுக்கு ஓடிபி எந்த நம்பருக்குங்க வரும்?”

“அம்மா நம்பர இன்னும் கட் பண்ணலியே.”

விளையாட்டாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் விளையாட்டு போய்விட்டது. அலமாரியின் கடைசி இழுப்பறையில் அம்மாவின் பட்டன் போன் கிடந்தது. இருவரும் போய்ப் பார்த்தோம். அணைந்துதான் இருந்தது. நான் தொடவில்லை. அவள்தான் எடுத்து, பேட்டரியைக் கழற்றி என் கையில் வைத்து, “போதுமா?” என்றாள்.

போதவில்லை. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் கைப்பேசியில் ஒரு கணக்கைத் திறந்து, என் செம்பை நானே ஏலம் கேட்டேன். பேய் ஜெயிக்கக் கூடாது என்பது என் திட்டம். உங்கள் பொருளை நீங்களே ஏலம் கேட்காதீர்கள். அது தளத்தின் விதிப்படி குற்றம். அதோடு எதிரி யாரென்று தெரியாமல் ஏற்றிக்கொண்டே போவது கேவலம். நான் ஏற்ற, மத்தியானம் அந்த எண் ஏற்ற, நான் ஏற்ற, விலை எனக்கே மூச்சு முட்டும் இடத்துக்குப் போய்விட்டது. கடைசியில் ஏற்றியவன் நான்தான். ‘வாழ்த்துகள், நீங்கள் முன்னணியில் இருக்கிறீர்கள்’ என்று மனைவியின் கைப்பேசி கத்தியது. அவள் அதைப் பார்த்தாள்.

அவள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒழுங்கா சொல்லுங்க. அங்க தேய்ச்சது யார் யாருக்குத் தெரியும்?”

விரல் விட்டேன். “அப்பா. அம்மா. நானு.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“யார் பேர தேய்ச்சீங்களோ அவங்க?”

“அவதான் போய்ட்டாளே.”

“எங்க போய்ட்டாங்க?” என்றாள். “வெள்ளிமலைக்குத்தானங்க போனாங்க? செத்தா போனாங்க?”

மணலூர்ப்பேட்டைக்காரருக்குக் கூட அப்படி ரத்தம் செத்த ஒரு முகம் நான் செய்து கொடுத்ததில்லை. எனக்கு அப்போது அது இருந்திருக்கும்.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எனக்குப் பதினேழு நடக்கும்போது, மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் ஏற்றிவரும் ஜீப்பின் டிரைவரோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். எட்டாம் நாள் அப்பா எங்களைக் கோமுகி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். உயிரோடு இருப்பவளுக்காக மூன்று பேரும் தலை முழுகினோம். ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்ததும் சீர்ப் பாத்திரங்களைக் கூடத்தில் பரப்பி, ஒரு அரத்தை என் கையில் கொடுத்து, “அவ பேரு இந்த வூட்ல ஒரு பொட்டுல கூட இருக்கக் கூடாது” என்றார்.

அன்றும் நான் விளையாட்டுப் பிள்ளைதான். வீட்டில் ஒரு வாரமாக யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு, முடிதிருத்துகிறவர் மாதிரி அதன் தாடையைப் பிடித்துத் திருப்பி, “அக்காவுக்கு ஷேவிங் நடக்குது, யாரும் ஆட்டாதீங்க” என்றேன். அப்பா சிரித்தார். அதற்குப் பிறகு அவரைச் சிரிக்க வைக்க எத்தனையோ சொல்லியிருக்கிறேன்; அந்தச் சிரிப்பு திரும்ப வரவில்லை. எனக்கும் அது வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து அவள் ஒரு மத்தியானம் வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள். அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். அம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவசரத்தில் எடுத்ததா, வேண்டுமென்றே எடுத்ததா, தெரியாது. இதே செம்பு. அக்கா வாங்கியதும், பழக்கத்தில் பெயர் இருக்கும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். நடுவிரல். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு ஒரு வாய் கூடக் குடிக்காமல் செம்பைப் படியில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் சட்டென்று ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். பதினெட்டு வயதுத் தடியன், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி. அவள் போன பிறகும் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அந்த ஜன்னலின் கட்டையில் வைத்துத்தான் செம்பைப் படம் எடுத்திருந்தேன். பச்சைச் சாயம் உரிந்த அதே கட்டை. பின்னணியை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிமலை இங்கிருந்து ஒரு பஸ் தூரம். இருபத்தேழு வருடமாக நான் அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை. அவளைப் பற்றி விசாரித்ததும் இல்லை. இறந்தவர்களை எண்ணச் சொன்னால் அவளைச் சேர்த்துக்கொண்டேன், இருப்பவர்களை எண்ணச் சொன்னால் விட்டுவிட்டேன். பேய் வந்தது அவளிடமிருந்து இல்லை. இந்த வீட்டில்தான் இத்தனை வருடமாகக் குந்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏலம் முடிய வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். முதல் வேலையாக மனைவியின் கணக்கிலிருந்து நான் போட்ட தொகையைத் திரும்பப் பெற்றேன். காரணம் கேட்டது. ‘தவறுதலாகப் போட்டுவிட்டேன்’ என்பதைத் தொட்டேன். அந்த வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது.

ஏலம் ஓடும்போது பழைய விவரத்தை அழிக்க முடியாது. கீழே சேர்க்கத்தான் முடியும். இது புதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே எழுதிய பொய் அப்படியே நிற்கும், உண்மை அதன் காலடியில்தான் உட்கார வேண்டும். தேய்த்த இடம் தெரியும் பழைய படத்தை, நானும் என் வயிறும் உட்பட, ஏற்றினேன். கீழே எழுதினேன்:

“கழுத்துக்குக் கீழே தேய்த்த இடம் உள்ளது. அங்கே என் அக்காவின் பெயர் இருந்தது. அதை அரத்தால் எடுத்தவன் நான். முதல் படத்தில் மறைத்தவனும் நானே.”

மனைவி பின்னால் நின்று படித்துவிட்டு, “மிக்க நன்றி போடலியா?” என்றாள்.

ஐந்து நிமிடத்தில், நடுவில் ஏலம் கேட்டிருந்த வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர், “பழுதான பொருளா? எனக்கு வேண்டாம்” என்று கழன்றுகொண்டார். மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். மலைப்பக்கத்து எண் ஒன்றுதான் பாக்கி. ஐந்து மணி தாண்டியும் சத்தமில்லை. மலையில் எங்கே சிக்னல் கிடைக்கும், எதற்கு அவள் மத்தியானத்தில் மட்டும் வருகிறாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பாறைமேல் ஏறி நின்று கைப்பேசியை வானத்துக்குக் காட்டும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது இருபத்திரண்டு வயது முகம்.

ஐந்தரைக்கு வந்தது.

“அம்மா பேனர கச்சிராயபாளையம் ரோட்ல பாத்தேன். பஸ்ல போவசொல்ல. நல்லா இருந்திச்சி.”

அந்தப் பேனரை நான் என் கையால் செய்தேன். அம்மா முகத்தில் ஒரு சுருக்கத்தைக் கூட எடுக்காமல் விட்டேன். கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக அடித்தேன். மகள் என்ற வரி கிடையாது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அதைப் படிக்க அவளுக்கு எத்தனை நொடி கிடைத்திருக்கும்?

“அக்கா” என்று அடித்தேன். அழித்தேன். “எப்படி இருக்கிறாய்” என்று அடித்தேன். அது வங்கிக் கடிதம் மாதிரி இருந்தது, அழித்தேன். “நான் அன்னிக்கு ஜன்னலுக்குக் கீழ இருந்தேன்” என்று அடித்து அதிலேயே பத்து நிமிடம் நின்றேன்.

“மணி அஞ்சு அம்பத்தெட்டுங்க” என்றாள் மனைவி. “பொட்டி பூட்டிக்கும்.”

அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஆறு மணிக்குப் பெட்டி பூட்டிக்கொண்டது. செம்பு அந்த எண்ணுக்குப் போனது. சற்று நேரத்தில் முகவரி வந்தது. வெள்ளிமலைக்கு உள்ளே ஒரு ஊர். அவள் பெயர். கூடவே ‘விற்பவருக்குக் குறிப்பு’ என்ற கட்டத்தில்:

“தெரியும். அப்பவே தெரியும். கூரியர்லயே அனுப்பு. எடுத்துக்கினு வராத.”

எடுத்துக்கொண்டு போகும் எண்ணத்தில் சட்டைகூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கொடியில் பார்த்துவிட்டு, மடித்து உள்ளே வைத்தாள்.

பித்தளைதானே என்று அலட்சியமாகக் கட்டாதீர்கள். வாய் விளிம்பு நசுங்கும். உள்ளே துணி அடைத்து, பபுள் ஷீட்டை மூன்று சுற்றுச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்ட வேண்டும். பெட்டிக்குள் விற்காத எதையும் சேர்க்கக் கூடாது. கடிதம் வைக்கலாமா என்று நினைத்தேன், வைக்கவில்லை. முகவரியை அச்சடித்து ஒட்டுவதுதான் என் வழக்கம். கடையில் பிரிண்டருக்கா பஞ்சம்? அன்று மார்க்கரை எடுத்துக் கையால் எழுதினேன். அரத்தால் எடுத்த அதே எழுத்துகள். முதல் எழுத்தில் கை கோணியது. கூரியர் ஆள், “பேரு கொஞ்சம் தெளிவா எழுதுங்க சார், மலைமேல போவணும்” என்றார். மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

பத்து நாள் கழித்துத் தளத்தில் மதிப்புரை வந்திருந்தது. ‘விவரத்தில் சொன்னபடி இருக்கு’ என்று ஒரு வரி. கீழே ஒரு படம்.

சிமெண்ட் திண்டு ஒன்றின்மேல் செம்பு நிற்கிறது. வாய்வரை தண்ணீர். தேய்த்த இடத்தைப் படம் எடுப்பவர் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள். செம்பின் வயிற்றில், வளைந்து, நீண்டு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் தெரிகிறாள். கைப்பேசி முகத்தை மறைத்துவிட்டது. முடி நரைத்திருக்கிறதா, வெயிலில் மின்னுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

கடையில் பெரிய திரையில் போட்டு எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைந்தது. கொஞ்சம் கூர்மையாக்கலாம், வளைவை நிமிர்த்தலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. கை மவுஸின்மேல் இருந்தது. எடுத்துவிட்டேன். பேனர் வாங்க வந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “செம்புல யாரோ தெரியறாங்களே சார், எடுத்துடலாமே?” என்றார்.

“இருக்கட்டுங்க” என்றேன்.